பயிற்சிக் குளம்: கோதண்டம் கிணறு

படிவத்தில் ஒரு கட்டம்:
பயிற்சி பெறும் நீச்சல் குளத்தின் பெயர்.
‘கோதண்டம் கிணறு, பள்ளிகொண்டா’
என்று நீல மையில் எழுதினேன்.
அடுத்த கட்டத்தில் ‘நீளம்’.
கிணற்றுக்கு ஏது நீளம்?
‘வட்டம்’ என்று எழுதிவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்:
தே. ஜெபசீலி, பதினொன்றாம் வகுப்பு.

டிரையத்லான் என்றால் என்னவென்று அப்பா கேட்டார்.
மும்முனைப் போட்டி என்றேன்.
எந்தெந்தக் கட்சி என்றார்.

மோட்டார் பைப்பைத் தொட்டால் ஒரு சுற்று.
பன்னிரண்டு சுற்று முந்நூறு மீட்டர்,
முனிராஜன் கயிறு பிடித்து அளந்தது.
மேட்டில் உட்கார்ந்து அவன்தான் எண்ணுவான்,
கிளி பறந்தால் ஒன்றை விட்டுவிடுவான்.
மும்முனை மின்சாரம் வந்தால் மோட்டார் ஓடும்,
நாங்கள் ஏறிவிட வேண்டும்.
அது வராத நேரமே
எங்கள் பயிற்சி நேரம்.

விடியாத ஐந்தே முக்காலுக்கு
ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்.
சர்வீஸ் ரோட்டில் அதை மாதனூர் வரை துரத்துவோம்,
அரசு தந்த சைக்கிளில்,
கூடை, ஸ்டாண்டு, பெல் எல்லாம் கழற்றி
எடை குறைத்து.
கடைசி சீட்டில் ஷாஹிதாவின் அம்மா.
பின்கண்ணாடிக்குள் அவர் கை அசையும்.
வீட்டுக்குப் போங்கள் என்கிறதா,
விடாதீர்கள் என்கிறதா?
இரண்டுக்கும் ஒரே அசைவுதான்.

சைக்கிளை விட்டு இறங்கி
ஷூ மாட்டும் நேரமும் கணக்கில் உண்டு.
நாடா முடிய எனக்கு இருபத்திரண்டு நொடி.
ஒருநாள் மாலை அதே அம்மா
டிபன் டப்பாவுக்குள் சுருட்டிவைத்து
ஒதுக்கிப்போட்ட எலாஸ்டிக் இரண்டு முழம் கொண்டுவந்தார்.
ஒன்பது நொடி.
எதுவும் சொல்லவில்லை அவர்,
டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

ஓட்டம் பாலாற்றில்.
அங்கே ஓடுவதற்கு
நாங்கள்தான் இருந்தோம்.

மாவட்டத் தேர்வு, காட்பாடிப் பக்கம் ஓர் ஏரி.
ஆரஞ்சு மிதவையைச் சுற்றி வர வேண்டும்.
விசில் ஊதியதும் பாய்ந்தேன்.
தண்ணீருக்குச் சுவர் இல்லை,
பைப் இல்லை, பாசி வாசம் இல்லை.
நன்றாகத்தான் போகிறேன் என்று நினைத்தபோது
படகுக்காரர் கத்தினார்:
‘ஏ பாப்பா, எங்க போய்கினு இருக்க?
அந்தாண்ட ஆந்திரா!’
தலையைத் தூக்கினால்
மிதவை எங்கோ இடப்பக்கம்.
கூட்டத்தைக் காணோம்.

கரையேறியபோது கடைசிக்கு முந்தினவள்.
சைக்கிளில் நான்கு பேரைத் தாண்டினேன்.
தார் ரோட்டில் கால் வைத்ததும்
மணல் இல்லாத பூமி
என்னைத் தூக்கித் தூக்கி விட்டது.
இன்னும் ஏழு பேர். எட்டாவது ஆள்
மூச்சிரைக்க ‘போ, போ’ என்றாள்,
அவள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

ஒன்பதாவது.
எடுத்துக்கொண்டது ஆறு பேரை.
ஆறாவது ஷாஹிதா.

திரும்பும் பஸ்ஸில்
தேர்வுக் கடிதத்தை நான்காக மடித்து
பைக்குள், ஈரத்துண்டுக்கு அடியில்
ஒளித்து வைத்திருந்தாள்.
மை கரையும்டீ என்று
நான்தான் எடுத்து மடியில் விரித்தேன்.
முனிராஜன் டிக்கெட்டின் பின்புறம்
ஒரு வட்டம் வரைந்தான், ஓர் அம்புக்குறி போட்டான்.
‘நாலு மாசமா நீ ஒரே பக்கமா சுத்திகினு இருந்த.
வலக்கைப் பக்கமாவே.
ஏரியிலயும் சுத்திட்ட.
அவ்ளோதான்.’

அழலாம் என்றிருந்தேன்.
சிரிப்பு வந்துவிட்டது.
கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் கரண்ட் இல்லை.
பைப்பைத் தொட்டு
இந்த முறை இடப்பக்கம் திரும்பினேன்.
தோள் மறுத்தது. தண்ணீர் காதில் புகுந்தது.
சுவரில் ஓர் அரசங்கன்று, கல்லிடுக்கில் ஒரு தவளை,
யாரோ எப்போதோ சுண்ணாம்பில் எழுதிய ‘ஆழம்’.
இத்தனை நாளும் இவை
முதுகுப்பக்கம் இருந்திருக்கின்றன.

மேட்டில் கிளிகள் கத்தின.
முனிராஜன் நிமிர்ந்து பார்க்கவில்லை.
‘ஒண்ணு’ என்றான்.