மலை என்று பெயர்

இதைப் போய் மலை என்கிறீர்களே
என்று சிரித்தாள் மணிமொழி,
சிறைச்சாலை மதில் முடியும் வளைவில்
பேருந்து எங்களை உதறிவிட்டுப் போனதும்.

கணுக்கால் வரை ஏறிய பூட்ஸ் அவளுக்கு.
எனக்கு ரப்பர் செருப்பு,
பனிக்குக் காதோடு சேர்த்துக் கட்டிய
அப்பாவின் மஃப்ளர்.
மார்கழி இருபத்திரண்டு. இன்னும் ஏழாகவில்லை.
நிஸ்வாவில் இந்நேரம் ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட் என்றாள்,
இதெல்லாம் ஒரு குளிரா என்றாள்,
ஃபிளாஸ்கை மட்டும் என்னிடம் தந்தாள் சுமக்க.
சின்னவள் என்றால் ஃபிளாஸ்க் சுமப்பவள்.
இருவரும் படிக்காமலே தேறிய பாடம் அது.

முந்திரித் தோப்பைத் தாண்டினால் தரை பிளக்கிறது.
மழை அறுத்த செம்மண் ஓடைகள்,
ஆளுயரம், சில இடத்தில் இரண்டாளுயரம்.
இறங்கியதும் கடலூர் அணைந்துபோனது.
கோயில் ஒலிபெருக்கி, லாரி, சிப்காட் சங்கு,
ஒன்றும் இல்லை.

"அங்க எல்லாம் கல்லு.
தட்டினா பானை மாதிரி சத்தம் வரும்.
ஒரு புல் கிடையாது.
ஆடு மட்டும் எப்படியோ நிக்கும்."
வார்டில் மூன்று ஃபிலிப்பினோ பெண்கள்,
ஒரு பாலக்காட்டுக்காரி,
வெள்ளிக்கிழமை தோறும் ஏதாவது ஒரு மலை.
சொல்லிக்கொண்டே நடந்தாள்.
முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அப்பா போனதும் வெள்ளிக்கிழமைதான்.
பதினொரு முறை அழைத்தேன்.
எனக்குத் தெரியாத மொழியில் ஒருத்தி
பொறுமையாக எதையோ மறுத்துக்கொண்டிருந்தாள்.
ஐஸ் பெட்டிக்காரன் எத்தனை நாளைக்கு என்றான்.
பந்தல் கம்பைப் பிடித்தபடி சித்தப்பா கேட்டார்:
பெரியவ வருவாளா மாட்டாளா?
மாட்டாள் என்றேன்.
அவளைக் கேட்காமலே சொன்னேன்.

மேட்டில் ஏறும்போது செருப்பு வார் அறுந்தது.
மண்டியிட்டாள்.
பையிலிருந்து ஆஸ்பத்திரி டேப்பை எடுத்து
என் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு
காயத்துக்குச் சுற்றுவதுபோல் வாரைச் சுற்றினாள்.
தலை நிமிரவில்லை.
"சிக்னல் வந்தப்ப அங்க மூணே முக்கால்.
இங்க அஞ்சே கால்."
நாலரைக்கே கெடிலக்கரையில் எல்லாம் முடிந்திருந்தது.
"ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஃபிளைட் இருந்துச்சு."

நான்தான் சொன்னேன், நீ வரமாட்டேன்னு.

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.
"தெரியும். சித்தப்பா சொன்னாரு."
இன்னொரு சுற்றுச் சுற்றினாள், தேவைக்கு அதிகமாக.
"எழுந்திரு."

உச்சி என்றால் ஒரு செம்மேடு, இரண்டு பனை,
யாரோ விட்டுப்போன பீர் பாட்டில்.
கீழே கெடிலம், துறைமுகம்,
புகைபோக்கிகள், அதற்கப்பால்
சாம்பல் கோடாய்க் கடல்.
என்றோ ஒரு புயலில் சாய்ந்த முந்திரி
படுத்தபடியே பூத்திருந்தது.
அதைப் படம் எடுத்தாள். என்னை எடுக்கவில்லை.
மூச்சு வாங்க இடுப்பில் கைவைத்து நின்று
"மலைதான்" என்றாள்.

டீ பாதி ஆறியிருந்தது.
ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தோம்.
அம்மாவின் முழங்கால் பற்றிப் பேசினோம்,
பெட்ரோல் விலை பற்றி,
பாலக்காட்டுக்காரியின் விவாகரத்து பற்றி நெடுநேரம்.
வெயில் ஏறியதும் மஃப்ளரைக் கழற்றினேன்.
கேட்காமலே வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்,
இதெல்லாம் ஒரு குளிரா என்றவள்.

இறங்கும்போது ஃபிளாஸ்க் அவள் கையில் இருந்தது.
காலி ஃபிளாஸ்க்தான்.