தெற்குச் சரிவு

ஒலுமடுவுக்குக் கிழக்கே, பழைய மண் அணைக்கு அந்தப் பக்கம்
காடில்லை அது.
காடென்றால் பாலையும் வீரையும் தள்ளித்தள்ளி நிற்கும்,
இடையில் புல், புல்லில் வெயில்.
இது நாயுண்ணி.
ஆள் வராத ஏழு மாரிகளில்
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி
வானத்தைப் பூட்டிவிட்டது.

"ஆமைக்கு வெயில் வேணும்" என்றார் ஹேரத்,
தனக்குத் தெரிந்த தமிழில் பாதியைச் செலவழித்து.
தானாகச் சுடாத இரத்தம்.
காலையில் கல்லில் கிடந்து காய்ந்தால்தான்
ஓணானுக்கு ஓட்டம், உடும்புக்குப் பசி,
நட்சத்திர ஆமைக்கு நடை.

வெயிலை வளர்க்கவா பற்றை வெட்டுறியள் என்று
கடைக்கார மார்க்கண்டு சிரித்தான்.
நாங்களும் சிரித்தோம். நாட்கூலி இருக்கிறதே.

எனக்கும் சுகிர்தாவுக்கும் இந்த நிலம் புதிதல்ல.
முழந்தாளில் நின்று, முகக்கண்ணாடிக்குள் வியர்த்து
சாண் சாணாக இதே மண்ணில் இரும்பு பொறுக்கினோம்.
துப்புரவு என்று கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.
காணிக்காரர் வரவில்லை.
நாயுண்ணி வந்தது.

இப்போது கத்தி, மண்வெட்டி, கையுறை.
வேரோடு கிளப்பாவிட்டால் ஐப்பசியில் திரும்பும்.
குவியலை எரிக்கவும் கூடாதாம்,
அதற்குள் சாரை புகுந்திருக்கும்.
கொடியென்று சுகிர்தா இழுத்தது
கண்ணாடிப் புடையனின் வால்.
அவள் கத்தியது மாங்குளம்வரை கேட்டிருக்கும்.

மண் அணையை மட்டும் தொடவில்லை.
யார் யாரை மறிக்கக் குவித்ததோ,
தெற்குப் பார்த்த சரிவு, இளகிய மண்,
முட்டையிட உகந்தது என்று வரைபடத்தில் பச்சைக் கோடு.

நேற்று அதன் அடியில் வேர் கிண்டும்போது
விரல் நின்றது.
அந்த நிற்றலை என் விரல் மறக்கவில்லை.
கை தானாக உயர்ந்தது.
"நில்!"
எல்லாரும் நின்றார்கள், ஓங்கிய கத்தியோடு.

தூரிகையால் தட்டினேன்.
வெள்ளை. உருண்டை. நான்கு.
முதலில் மூச்சு விட்டது யாரென்று தெரியவில்லை.

மண்ணை மூடினோம். அடையாளத்துக்குத் தேடினால்
கொட்டிலில் பழைய பலகை ஒன்றுதான் கிடந்தது:
மண்டையோடு, குறுக்கே எலும்பு, மும்மொழியில் மிதிவெடி.
நட்டுவிட்டோம்.

ஹேரத் தலையில் அடித்துக்கொண்டார்.
பொய் அறிவித்தல், உடனே கழற்று என்றார்.
அப்போது விறகுக்கு வந்த இரண்டு சைக்கிள்கள்
தூரத்திலேயே பிரேக் பிடித்து
வந்த வழியே திரும்பின.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
பலகையின் தலையில்
ஓர் ஓணான் ஏறிக் காய்ந்துகொண்டிருந்தது.