சுவருக்கு அந்தப் பக்கம்

பதினோரு மாதம் பேருந்தில் தொங்கியபடி
கைப்பேசியில் படித்த ஜப்பானிய மொழி
என்னுடையது.
முகம் மரிசோலுடையது.

தகமட்சு ரயில் நிலையத்தில் நான்தான் வழி கேட்டேன்.
வினைச்சொல் கடைசியில் வந்தது, சரியாகவே.
தொப்பிக்காரர் கவனமாகக் கேட்டுக்கொண்டு
பதிலை அவளிடம் சொன்னார்:
இடது, பிறகு பாலம், பிறகு ஏதோ சிவப்பு.
அவள் தலையாட்டினாள்,
லிமாவில் பல் மருத்துவரிடம் ஆட்டுவாளே, அதே ஆட்டல்.

உதோன் கடையிலும் இதே கதை.
நூடுல்ஸைக் கூடையில் போட்டு
நாமே வெந்நீரில் முக்க வேண்டும்.
எத்தனை நொடி என்று கேட்டவன் நான்;
கடைக்காரி பத்து விரலையும் விரித்துக் காட்டியது அவளுக்கு.
அவள் இருபது எண்ணினாள். ஸ்பானிஷில்.
குழைந்துவிட்டது.
குழைந்ததையே உறிஞ்சினோம், சத்தத்தோடு.
உறிஞ்சினால் தப்பில்லை என்ற ஒன்றுதான்
எங்கள் இருவருக்கும் ஒன்றுபோல் புரிந்த மரபு.

கொன்பிரா மலைக்கு எழுநூற்று எண்பத்தைந்து படி.
வாடகைக்கு ஆளுக்கொரு மூங்கில் கோல்.
முந்நூறுக்கு அப்புறம் எங்கோ ஒருத்தி
அவளை நிறுத்தி, நீளமாய் எதையோ சொல்லிச் சிரித்து,
தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.
"என்ன சொன்னாள்?"
எனக்கு 'முழங்கால்' மட்டும் பிடிபட்டது.
மற்றதெல்லாம்
நிற்காமல் போன ரயில்.

மரிசோல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
"பள்ளிக்கூடத்தில் என்னைச் சீனாக்காரி என்பார்கள்.
ஹிகா என்று கையெழுத்துப் போட்டால்
எந்த ஊர் என்பார்கள்.
லின்சே என்றால்,
சரி, அதற்கு முன்னால்? என்பார்கள்.
இங்கே ஒருவரும் கேட்பதில்லை, எஃப்ராயின்.
எல்லோரிடமும் கடன் வாங்கிவிட்டு
முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
வாயில் வந்தது நாலாம் பாடம் மட்டுமே:
இந்தப் பேனா யாருடையது?
ஜப்பானிய மொழியில் அதைச் சொன்னேன்.
கோலால் என் காலணியில் ஒரு தட்டு.
"மறுபடி சொல்" என்றாள்.

மேலே கடல் தெரியும் என்று எழுதியிருந்தார்கள்.
மூடுபனிதான் தெரிந்தது.
நூறு யென் போட்டுக் குறிச்சீட்டு ஒன்று எடுத்தாள்.
முக்கால்வாசி எனக்கும் எட்டாத எழுத்து.
ஒரு வரியை மட்டும் உருட்டி உருட்டிப் படித்தேன்:
தொலைந்தது கிடைக்கும். தாமதமாக.
அப்போதுதான் உதோன் கடையில் விட்ட குடை
இருவருக்கும் நினைவு வந்தது.
மற்றவர்கள் சீட்டைக் கம்பியில் கட்டினார்கள்.
அவள் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இரவு, முழங்கால் நான்கும் புலம்பியதில்
சந்துக்குள் ஒரு பொதுக் குளியலகம்.
ஆண்களுக்கு நீலத் திரை, பெண்களுக்குச் சிவப்பு.
நடுவே கூரையைத் தொடாத சுவர்.
சோப்பு ஒன்றுதான் மிச்சம் என்றார் கல்லாவில் இருந்தவர்,
அவளிடம்.

கழுத்துவரை வெந்நீர் எனக்கு.
பக்கத்தில், தலைமேல் துண்டை மடித்து வைத்த ஒருவர்.
சுவருக்கு அந்தப் பக்கம்
வாளிகள், தண்ணீர், ஏழெட்டுப் பெண்களின் சிரிப்பு.
அதில் மரிசோல் எது என்று தெரியவில்லை.
கல்யாணமாகி ஒன்பது வருடத்தில்
முதல்முறையாகத் தெரியவில்லை.

துண்டுக்காரர் அண்ணாந்து கத்தினார்:
"கிளம்பலாமா!"
கூரையில் பட்டு விழுந்தது பதில்:
"இன்னும் அஞ்சு நிமிஷம்!"
ஓ, இப்படித்தானா.
நானும் வாக்கியம் கட்டத் தொடங்கினேன்,
எழுவாய், நேரம், வினை கடைசியில்.

கட்டி முடிப்பதற்குள்
சுவரைத் தாண்டி ஒரு சோப்பு பறந்து வந்தது.
தரையில் வழுக்கி வாளியில் மோதி நின்றது.
பின்னாலேயே அவள் குரல், திருத்தமான ஜப்பானிய மொழியில்:
"எஃப்ராயின்! இந்தப் பேனா யாருடையது?"

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.
இந்தப் பக்கமும்.
துண்டுக்காரர் எட்டி சோப்பை எடுத்து
"உங்களுடையதா?" என்று கேட்டார்.
என்னிடம்.

ஒரு வினைச்சொல்லும் வரவில்லை.
தலையாட்டினேன்.

குடை என்னவோ
இன்னும் தகமட்சுவில்தான் இருக்கிறது.