எர்ன்ஸ்டின் தலையெழுத்து

நூற்றுப் பன்னிரண்டு பக்கமாக
எர்ன்ஸ்ட் வெறும் எர்ன்ஸ்டாகவே நடமாடுகிறான்.
காய்ச்சல் கண்டு
திருகோணமலைத் துறைமுகத்தில்
கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்ட எஞ்சின்காரன்.
ஐஸ் கொம்பனியின் செத்த மெசினுக்கு
உயிர் கொடுத்தவன்.
உப்புவெளியில் நண்டுக்கறி தின்று
நாக்கு வெந்தவன்.
பெயருக்குப் பின்னால் மட்டும்
ஒரு கோடு இழுத்து விட்டிருக்கிறேன்,
பற்றுச்சீட்டில் தொகை தெரியாத இடத்தில்
இழுப்பதுபோல.

பகலில் எனக்கும் ஐஸ் கொம்பனியில்தான் கணக்கு.
எந்தப் போட்டுக்கு எத்தனை கட்டி,
யார் காசு, யார் கடன்.
இரவில் சி.ஆர். கொப்பியில் நாவல்.
கேற்றுக்கு வெளியே மான்கள் வந்து
சொப்பிங் பைகளைக் கிழிக்கும் சத்தம்.

முதலில் ஷ்மிட் என்று வைத்தேன்.
சொல்லிப் பார்த்தால்
வந்த தும்மல் வராமல் போனது போலிருந்தது.
மியூலர் என்றேன். இல்லை, முல்லர்.
இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓசை இருக்கிறதாம்,
உதட்டைக் குவித்துக்கொண்டு
இ சொல்ல வேண்டுமாம்.
கண்ணாடி முன் நின்று சொன்னேன்.
மகன் பயந்துபோனான்.

ஃபிஷர் பிடித்திருந்தது.
மீன்காரன் என்று பொருள்.
அங்கே ஒருவன் அதைக் கதவில் எழுதி மாட்டிவிட்டு
நிமிர்ந்து உட்காரலாம்.
திருக்கடலூரில் பிறந்த எனக்கு
அந்தச் சொல்லை எந்தெந்தக் குரலில்
சொல்வார்கள் என்று தெரியும்,
பள்ளிக்கூட வரிசையில், கலியாணப் பேச்சில்,
கந்தோரில் ஒரு கதிரை
கொஞ்சம் தள்ளி நகரும் சத்தத்தில்.
கோடு போட்டு அடித்தேன்.
ஏன் அடித்தேன் என்று
பிறகு அரைமணி நேரம் கோபம்.

டோர்ட்முண்டில் இருக்கும் தம்பியை வட்ஸ்அப்பில் கேட்டேன்,
முப்பத்தெட்டாம் ஆண்டுக்குப் பொருந்த
நல்லதாய் ஒன்று சொல்லு என்று.
இரவு வேலை முடிந்து வந்திருந்தான்.
“எதையாவது வை அக்கா.
இங்க எங்கட அப்பாவே
குடும்பப் பேராப் போயிட்டார்.”

தொண்ணூறாம் ஆண்டு, ஏதோ ஒரு படிவம்,
குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
என்ன எழுதுவதென்று தெரியாமல்
அப்பாவை எழுதினானாம்.
கந்தளாயைத் தாண்டாத அப்பா.
தராசடியில் வேலாயுதம் நின்றால்
இறாத்தல் பிசகாது என்று
பேரெடுத்த அப்பா.
இப்போது அவர்
மூன்றாம் மாடியில் அழைப்புமணிக்குப் பக்கத்தில்,
கார் காப்புறுதியில்,
தம்பி மனைவியின் பல் வைத்தியச் சீட்டில்.
போர்மன் கூப்பிடுவானாம்:
“ஹெர் ஃபெலாயுட்டாம்!”
அவர்களுக்கு அந்த எழுத்து ஃப.
நாலைந்து வருடம் திருத்திப் பார்த்தானாம்.
பிறகு
திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

அதே அப்பா
என் பெயருக்கு முன்னால்
வே. என்று ஒற்றைப் புள்ளியோடு நிற்கிறார்.
விரித்துச் சொல்லும்படி
யாரும் கேட்டதில்லை,
சோதனைச் சாவடிகளைத் தவிர.

ஃபோல்மர்.
அவர்கள் எழுத்தில் அதுவும்
அப்பாவின் எழுத்திலேயே தொடங்குகிறது,
தம்பியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.
அங்கே வ ஃப ஆனதென்றால்
இங்கே ஃப வ ஆகட்டும்.
கணக்குக்காரிக்கு
இரண்டு பக்கமும் ஒத்துவர வேண்டும்.

நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில்
மரத்தூள் சுமக்கும் பொடியன்
அந்தப் பெயரை வாங்கி
வாயில் ஒருமுறை உருட்டுகிறான்.
வோல்மர். வேல்மர்.
பின்னேரத்துக்குள் அது
வேல்முருகையா.

“வேல்முருகையா! மெசின் நிண்டு போச்சு!”

எர்ன்ஸ்ட் நெற்றியைச் சுருக்குகிறான்.
திருத்தப் போகிறான் என்றுதான் நினைத்தேன்,
அப்படித்தான் எழுதவும் இருந்தேன்.
அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு
எனக்கு முன்னால் போய்விட்டான்.