முப்பத்தெட்டுப் பிழைகள்

தலைஞாயிறு பாசனப் பிரிவு அலுவலகம்.
திரையில் டெல்டா: பெட்டிகள், அம்புக்குறிகள்.
சரிபார்ப்பை ஓட்டினேன்.
'வாய்க்கால்' என்று முத்திரை குத்திய
பெட்டிக்கெல்லாம் சிவப்புப் புள்ளி.
நீர் ஒரு திசையில்தான் ஓடவேண்டும்.
வரத்து, குறைந்தது ஒன்று.

விதியை எழுதியவர்
மேட்டூர்வரை வந்து திரும்பியிருப்பார்.

லஸ்கர் அமிர்தகடேசன் போனில்:
"ஷட்டருக்குக் கீழ கடல் ஏறிடுச்சும்மா,
மேல ஒண்ணுமில்ல."
இதை எந்தக் கட்டத்தில் நிரப்ப?

முத்திரையை நீக்கினேன்.
பிழை பூஜ்யம். பச்சை.

இப்போது அது வாய்க்காலே இல்லை,
வெறும் பெட்டி.
வெறும் பெட்டிக்கு
முறைத்தண்ணீர் யார் விடுவார்கள்?

மறுபடி குத்தினேன்.
முப்பத்தெட்டும் திரும்பி வந்தன,
திங்கட்கிழமை மனுநாளுக்கு
கடைமடையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் மாதிரி,
ஒருவர்கூடக் குறையாமல்.