புள்ளி நாலு வோல்ட்

எஞ்சினை அணைக்காமலே இறங்கினாள் ஊனா கிவெலா.
கதவைத் திறந்து போட்டு, "கேள், ரெஜான்" என்றாள்.
கேட்டேன்.
பாட்டு மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம்
ஒரு கொசு.
ஆக்சிலரேட்டரை மிதித்தால்
கொசுவுக்குச் சுதி ஏறுகிறது.
காலை எடுத்தால் இறங்குகிறது.

"மூன்று வாரமாக என்னோடு சுரங்கத்துக்கு வருகிறது.
சம்பளம்தான் வாங்கவில்லை."

வெளியே சட்பரி, பிப்ரவரி, மைனஸ் இருபத்து நாலு.
ஷட்டரை இறக்கி
புகைக்குழாயை ஓட்டை வழியே தெருவில் விட்டேன்.
முதலில் ஆல்டர்னேட்டரைத் திட்டினேன்.
பதில் பேச அதற்கு வாய் இல்லை.
அடுத்து ஆம்ப்ளிஃபையர்:
"மலிவுச் சரக்கு. யார் இதை வாங்கச் சொன்னது?"
"நீதான்."

ஆர்.சி.ஏ கேபிளைப் பிடுங்கினேன், கொசு செத்தது.
மாட்டினேன், உயிர்த்தது.
கரன்ட் ஒயரோடு ஒட்டிப் படுத்திருந்த கேபிளை
இழுத்து மறுபக்கம் படுக்கப் போட்டேன்.
கொஞ்சம் இளைத்தது, போகவில்லை.
கடைசியில் என் பழைய பாக்கெட் பிளேயரை,
தன் பேட்டரியில் தானே பிழைப்பதை,
நேரே ஆம்ப்ளிஃபையரில் சொருகினேன்.
சுத்தம். குழந்தை தூங்கும் வீடு மாதிரி.

காரைத் தொடாத பாட்டுக்கு நோய் இல்லை.
அப்படியென்றால் எர்த்.

எர்த் என்கிறோம்.
நாலு ரப்பர் சக்கரத்தின் மேல் நிற்கும் தகரத்துக்கு
ஏது மண்?
ஒருவரும் மண்ணைத் தொடுவதில்லை இங்கே.
இந்தத் தகரம்தான் பூமி என்று
எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.
ஸ்டீரியோவுக்கு ஒரு பூமி,
ஆம்ப்ளிஃபையருக்கு வேறு பூமி என்று ஆனால்
நடுவில் இருக்கும் வித்தியாசம்
பாட ஆரம்பித்துவிடுகிறது.

மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில்,
மறுமுனை டிக்கியில்.
புள்ளி நாலு.
இருக்கக் கூடாத நாலு.

கார்ப்பெட்டைத் தூக்கினேன்.
உப்பு போட்ட சாலை உள்ளே அனுப்பிய ஈரம்,
துரு பிடித்த போல்ட்,
வாஷருக்கு அடியில் சுரண்டப்படாமல்
பளபளவென்று நீலப் பெயின்ட்.
ஒயரின் கழுத்தில் மஞ்சள் டேப்.

இந்த ஊரில் மஞ்சள் டேப் சுற்றுகிறவன் ஒருவன்தான்.

அக்டோபர். வெள்ளிக்கிழமை.
மூஸ் வேட்டைக்குக் கிளம்ப
மச்சான் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான்.
சுரண்டும் தாள் மேல் அலமாரியில் இருந்தது,
ஏணி கீழே.
பெயின்ட்டின் மேலேயே முறுக்கிவிட்டேன்.
அந்த வருஷம் மூஸும் கிடைக்கவில்லை.

கார்ப்பெட்டை மறுபடி மூடிவிட்டு
"ஆல்டர்னேட்டர் போய்விட்டது, முந்நூறு டாலர்" என்று
சொல்லியிருக்கலாம்.
நினைக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.
ஆனால் அவள் காப்பியோடு
என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.
டேப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
ஒரு வாய் குடித்தாள்.

காசு அளவுக்குச் சுரண்டினேன்.
இரும்பு, வெட்கமில்லாமல், வெள்ளையாகச் சிரித்தது.
புது போல்ட், பல் வாஷர், கை நோகும் வரை முறுக்கு.
புள்ளி பூஜ்யம் இரண்டு.
எஞ்சினை உறுமவிட்டோம்.
பாட்டு நின்ற இடத்தில் பாட்டு மட்டும் நின்றது.
"எவ்வளவு?" என்றாள்.
கையை ஆட்டினேன்.

இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.
"இன்னொரு சத்தம்."

வயிற்றில் ஏதோ புரண்டது.
பக்கத்து சீட்டில் ஏறினேன்.
ஸ்டீரியோவை அணைத்து அறுபதில் போகச் சொன்னேன்.
முன்னால், இடப்பக்கம், தரைக்கு அருகில்
ஊமை முனகல் ஒன்று.
வண்டியை வலப்பக்கம் ஒடித்தால் கனக்கிறது.
"எத்தனை நாளாக?"
"யாருக்குத் தெரியும். கொசு பாடிக்கொண்டிருந்ததே."

அந்தச் சக்கரத்தோடு
அவள் ராத்திரி ஷிஃப்டுக்குப் போய் வந்த சாலையை நினைத்தேன்.
நினைத்தது அப்புறம்தான்.
முதலில் என் வாயில் வந்தது,
அதுவும் எவ்வளவு சந்தோஷமாக:

"வீல் பேரிங்.
இது நான் போட்டதில்லை."