நான்காவது கட்டம்

சாட்ஸ்வர்த் கடைவளாகத்தில்
பாலுக்கும் ரொட்டிக்கும் நடுவே என் மேசை.
கட்டைவிரல் உயரக் காகிதக் கோப்பைகளில்
சர்க்கரை இல்லாத ஆரஞ்சு.
குடித்தவரிடம் கேட்க ஒரே கேள்வி:
இதை ஏன் வாங்குவீர்கள்?
சுவை, விலை, உடல்நலம், மற்றவை.
ஒன்றில்தான் குறி விழ வேண்டும் என்று
படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார் தேவபிரகாசன்.

தைலம்மா படையாச்சியின் தள்ளுவண்டியில்
சர்க்கரை இல்லாதது ஆறு பாட்டில்,
மேலே ஒரு கிலோ ஜிலேபி.
"இது அதைக் கழித்துவிடும்" என்றார்.
கடன்காரி கணக்குப் பேசுவது மாதிரி.

"எனக்குத்தான் சர்க்கரை இல்லையே,
இது எதற்கு?"
கோப்பையைத் தொடாமலே போனார் ஒருவர்.

"கரும்பு வெட்டக் கப்பலேற்றிக் கொண்டுவந்தான்,
இப்போது இனிப்புக்கு வரி போடுகிறான்"
என்று சிரித்த இளைஞன்
இரண்டு லிட்டர் கோலாவை அக்குளில் இடுக்கியிருந்தான்.
கரும்புக் காட்டில் கால் வைத்திருக்க மாட்டான்.
நானும்தான்.

காவலர் லுங்கானி மூன்று கோப்பை குடித்தார்.
நான்காவதை நானே நீட்டினேன்.
அதுதான் மதியச் சாப்பாடு என்பது
இருவருக்கும் தெரியும்.
சுவை என்று குறித்தேன்.

மூன்று மணி இருக்கும், கோகிலம் வந்தாள்.
குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:
வாங்கிப்போய், சமையலறைக் கதவைச் சாத்தி,
பழைய இனிப்புப் பாட்டிலில் ஊற்றி வைப்பாளாம்.
அப்பாவின் வலது காலைப் போன வருஷம்
சர்க்கரை எடுத்துக்கொண்டது.
"ஒவ்வொரு முறையும் நாக்கைச் சப்புக்கொட்டி
இன்று நன்றாக இருக்கிறது என்கிறார்.
சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் கொட்டுகிறார்."
சொல்லிவிட்டு
மூடியை இறுக்கி இறுக்கிப் பார்த்தாள்,
ஏற்கெனவே இறுகியிருந்த மூடியை.

மற்றவை.

ஆறு மணிக்கு மேசையை மடித்தேன்.
டாக்ஸியில் தேவபிரகாசன் அழைத்தார்:
"மற்றவை நாற்பத்தொன்று வந்திருக்கிறது.
கம்பெனிக்கு அது ஆகாது.
மற்ற மூன்றில் பிரித்துப் போட்டுவிடு,
இரவுக்குள்."
பின்சீட்டில் பதினைந்து பேர் நெருக்கம்,
மடியில் திரை, பையில்
எனக்கென்று வாங்கிய பாட்டில்,
எது என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

கோகிலத்தின் வரியில் விரலை வைத்தபடி
கொஞ்ச நேரம் இருந்தேன்.
வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது.

உடல்நலம் என்று விழுந்தது.
அழிக்கவில்லை.